மெயில் சர்வரை யார் பார்த்துக்கொள்வது?

மாதத்தின் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கெல்லாம் தயார், ஓ.டி.பி. மட்டும் வரவேண்டும். அதுவும் வந்துவிட்டது, கடைக்காரருக்குத்தான் வரவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலான அவசரத்தில், ஆடிட்டர் ஆபீஸில் இருந்த உதவியாளர் கடையின் பெயரில் தானே ஒரு ஜிமெயில் திறந்து, தன் மொபைல் எண்ணையே கொடுத்துப் பதிவை முடித்திருக்கிறார். இப்போது அவர் ஓசூரில் வேறு வேலையில் இருக்கிறார். அந்த எண் மாறிவிட்டது. பாஸ்வேர்டு அவருக்கே நினைவில்லை. கடைக்காரர் அடையாளச் சான்றுகளோடு தன் சரகத்து வரி அதிகாரியைப் பார்த்து, பதிவில் உள்ள மெயிலையும் எண்ணையும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. ஆனால் 20ஆம் தேதி மாலைக்குள் முடிகிற வேலை இல்லை.

கடை கற்பனை. நிலைமை கற்பனை இல்லை என்பதை எந்த ஆடிட்டர் ஆபீஸில் கேட்டாலும் சொல்வார்கள். சிறு வியாபாரிக்கு மெயில் என்பது கடிதம் எழுதும் இடமாக இருந்த காலம் போய்விட்டது. பேச்சுவார்த்தையெல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ஆனால் வருமான வரி, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு, உத்யம் பதிவு, வங்கி, டெண்டர் என்று எதன் பாஸ்வேர்டை மறந்தாலும் புதுப்பிக்கும் லிங்க் போய்ச் சேர்வது ஒரு மெயில் ஐ.டி.க்கு. அந்த ஐ.டி. யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் கம்பெனி இருக்கிறது.

தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் இது உறைக்கிறது. சிப்காட் ஆலைகளுக்கு வால்வும் பைப்பும் சப்ளை செய்பவர், பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் ஏற்றுமதியாளர், பண்ருட்டி முந்திரி வியாபாரி, சிதம்பரம் மேலவீதியில் லாட்ஜ் நடத்துபவர் என எல்லோரும் கம்பெனி பெயரில் மெயில் வேண்டும் என்கிறார்கள். கூடவே, ‘பராமரிப்புத் தொல்லை இல்லாத சர்வராகச் சொல்லுங்கள்’ என்கிறார்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் ஆபீஸிலேயே ஒன்று போட்டுத் தருகிறேன் என்பார். வெப்சைட் போட்டுக் கொடுத்தவர், ஹோஸ்டிங்கோடு இலவசமாகவே வருகிறதே என்பார். சென்னை ஐ.டி. கம்பெனியில் இருக்கும் மச்சான் மகன் ‘கூகுளா, மைக்ரோசாஃப்டா?’ என்று மட்டும் கேட்பான். மூன்று பேரும் சாஃப்ட்வேரைப் பற்றிப் பேசுகிறார்கள். தீபாவளிக்கு மறுநாள் மெயில் நின்றுபோனால் யாருக்கு போன் செய்வது என்பதை மூன்று பேரும் சொல்வதில்லை.

மேசைக்கு அடியில் இருந்த பெட்டி

ஆபீஸிலேயே மெயில் சர்வர் வைப்பதில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோதும், அதன்பின் பல ஆண்டுகளும், சிறு ஊர்களில் இணையம் என்றால் டயல்-அப்தான். ஆபீஸில் பத்துப் பேர், போன் லைன் ஒன்று, நேரத்துக்கு ஏற்றபடி காசு. எம்டீமன் மாதிரி ஒரு சாஃப்ட்வேரை ஒரு கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால், அது அவ்வப்போது லைன் போட்டு எல்லோருடைய மெயிலையும் மொத்தமாக இழுத்துவந்து பிரித்துக் கொடுக்கும். பிற்பாடு மைக்ரோசாஃப்ட், 75 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கென்றே ‘ஸ்மால் பிசினஸ் சர்வர்’ என்று ஒரு தொகுப்பு விற்றது. மெயிலுக்கான எக்ஸ்சேஞ்ச் அதற்குள்ளேயே இருந்தது. மேசைக்கு அடியில் ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு யு.பி.எஸ்.; கம்பெனியின் கடிதப் போக்குவரத்து மொத்தமும் அங்கே.

அந்த வரிசையை 2011 பதிப்போடு மைக்ரோசாஃப்டே முடித்துக்கொண்டது. விற்றவரே கைவிட்ட யோசனையை இன்றைக்கும் கொட்டேஷனில் எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

2021 மார்ச் 2 அன்று நடந்ததை அவர்களிடம் கேட்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருந்த ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் அன்று அவசரத் திருத்தம் வெளியிட்டது. அதையொட்டிய நாட்களில் உலகெங்கும் பல்லாயிரம் சர்வர்களுக்குள் ஆட்கள் புகுந்தார்கள். புகுந்ததெல்லாம் நிறுவனங்கள் தங்கள் இடத்தில் தாங்களே வைத்து நடத்திய சர்வர்களுக்குள். மைக்ரோசாஃப்ட் தானே நடத்தும் ஆன்லைன் மெயிலுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. சாஃப்ட்வேர் செய்தவர் ஒருவரே. ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தத்தைப் போட ஆள் இருந்த இடம் தப்பித்தது. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14 உடன் வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. அவற்றில் ஒன்று இன்னும் உங்கள் ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்தால், இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. 2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மெயில் அனுப்பும் முறைக்கு என்று ஒரு பொறுமை உண்டு. எதிர்ப்பக்கத்து சர்வர் பதில் தராவிட்டால் அனுப்பிய சர்வர் உடனே கைவிட்டுவிடாது. விட்டு விட்டு முயன்றுகொண்டே இருக்கும். எத்தனை நாள் முயல வேண்டும் என்பதற்கு இணைய விதிமுறை சொல்லும் கணக்கு, குறைந்தது நான்கைந்து நாள். அதற்குமேல் ‘போய்ச் சேரவில்லை’ என்று அனுப்பியவருக்கே மெயில் திரும்பிவிடும். விதிமுறை எழுதியவர்களுக்கு நான்கைந்து நாள் தாராளமாகத் தோன்றியிருக்கும். அவர்கள் தானேயைப் பார்த்ததில்லை.

அதன்பிறகு உலக வங்கிக் கடனுதவியில் கடலூர் நகரத்து மின்கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோகும் வேலை நடந்தது. நல்லதுதான். ஆனால் 2015இல் வெள்ளம், 2020இல் நிவர், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சலுக்குப் பிறகு சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து வந்தது எல்லாம் இந்த மாவட்டம் பார்த்தவை. தரைத்தளத்தில் வைத்த சர்வர் மெயிலை ஏற்க முடியாமல் போவது ஒரு நஷ்டம். தண்ணீரில் முழுகி, பத்து வருட மெயிலும் அதோடு போவது வேறு நஷ்டம். பேக்கப் எங்கே என்று கேட்டால், அதே பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹார்டு டிஸ்கைக் காட்டுவார்கள்.

கரண்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தாண்ட வேண்டிய தடை ஒன்று உண்டு. ஜிமெயிலோ யாஹூவோ ஒரு மெயிலை ஏற்பதற்கு முன், அது எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வருகிறது என்று பார்க்கும். 1998இல் தொடங்கப்பட்ட ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பு, மெயில் அனுப்பக் கூடாத முகவரிகளின் பட்டியல்களைப் பராமரிக்கிறது. வீட்டு பிராட்பேண்டுக்குத் தரப்படும் மாறும் முகவரிகள் அந்தப் பட்டியல் ஒன்றில் கும்பலாக இருக்கும். யாரும் தப்புச் செய்திருக்க வேண்டியதில்லை; அந்த வகை இணைப்பிலிருந்து மெயில் சர்வர் நடத்துவது வழக்கமில்லை என்பதே காரணம். ஆகவே நிலையான முகவரி வாங்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. அந்த முகவரியைத் திருப்பிக் கேட்டால் உங்கள் சர்வரின் பெயரைச் சொல்லும்படி பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் இணைப்புக் கொடுத்தவர். இப்போது வரும் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இதெல்லாம் தெரியாமல் சர்வரைப் போட்டால், மெயில் போகும், ‘அனுப்பப்பட்டது’ என்றும் காட்டும், பார்ட்டியின் இன்பாக்ஸில் மட்டும் இருக்காது.

ஹோஸ்டிங்கோடு இலவசம்

வெப்சைட்டோடு வரும் மெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் இருக்கும். மெயில் பெரும்பாலும் ஒரே முகவரியிலிருந்து வெளியேறும். எங்கோ ஒருவருடைய பழைய வேர்டுபிரஸ் தளத்தை யாரோ உடைத்து ஸ்பாம் அனுப்பினால், உங்கள் கொட்டேஷனும் சேர்ந்து ஸ்பாம் பெட்டிக்குப் போகும். மெயில் சேரும் இடமும் வெப்சைட்டின் இடத்திலேயே கழியும். நிரம்பினால் வரும் மெயில் திரும்பிவிடும். இப்படிப்பட்ட ஹோஸ்டிங்குகளில் பரவலாக இருக்கும் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயிலில் பத்தாண்டுகளுக்கும் மேலாக இருந்த ஒரு பெரிய ஓட்டை 2025 ஜூனில் வெளியே வந்தது. திருத்தத்தைப் போட்டார்களா என்று எந்த வாடிக்கையாளர் போய்க் கேட்டிருப்பார்?

வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் பெரும்பாலும் நல்லவர்தான். ஆனால் நாலு வருடத்தில் அவர் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார். அப்போதுதான் அடுத்த விஷயம் தெரிய வருகிறது.

பட்டா யார் பெயரில்?

டொமைன் என்பது பட்டா நிலம். பட்டா உங்கள் பெயரில் இருந்தால் மேலே நிற்கும் கட்டடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பட்டா இன்னொருவர் பெயரில் இருந்தால், கட்டடத்துக்கு எவ்வளவு செலவழித்தும் பிரயோசனம் இல்லை. மெயில் சர்வர் எது என்று விசாரிப்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்கள் டொமைன் யார் கணக்கில் இருக்கிறது? அந்தக் கணக்கின் மெயில் யாருடையது? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. வருடா வருடம் ‘வெப்சைட்டுக்கு’ என்று யாருக்கோ ஜி-பே செய்வது மட்டும் தெரியும்.

டொமைனின் அமைப்புப் பக்கத்தில் எம்.எக்ஸ். என்று ஒரு வரி உண்டு. ‘இந்தப் பெயருக்கு வரும் மெயிலை எல்லாம் இன்ன சர்வரில் கொண்டுபோய்க் கொடு’ என்று உலகத்துக்குச் சொல்லும் வரி அது. அதை மாற்றினால் மெயில் சேவையே மாறிவிடும். விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், லெட்டர்பேடு எதையும் மாற்ற வேண்டாம். சிறு நிறுவனத்துக்குக் கிடைக்கும் சுதந்திரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மத்திய அரசே இதைத்தான் செய்தது. தேசியத் தகவலியல் மையம் நடத்திவந்த அரசு மெயில் சேவைக்கு 2023இல் ஸோஹோவுடன் ஒப்பந்தம் ஆனது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் அந்தத் தளத்துக்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. அவர்களுடைய முகவரி இன்னமும் அரசு டொமைனில்தான் இருக்கிறது. முகவரி அரசுடையது, பார்த்துக்கொள்ளும் வேலை வெளியே. நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் எந்த அதிகாரியும் முகவரி மாற வேண்டியதில்லை.

டொமைன் கை நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் அதே ஸோஹோதான். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசி அருகே மத்தளம்பாறை வரை பரவிய நிறுவனம். 2018 செப்டம்பர் 24 அன்று, அதன் டொமைனைப் பதிவு செய்து தந்திருந்த அமெரிக்க நிறுவனம், மோசடி மெயில் பற்றிய புகார்களைக் காரணம் காட்டி டொமைனையே முடக்கியது. சர்வர்கள் எல்லாம் நலமாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் போகும் வழிதான் இல்லை. கோடிக்கணக்கான பயனர்கள் பல மணி நேரம் தவித்தார்கள். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலைமை என்றால், ரினியூவல் நினைவூட்டல் யாருக்கு வருகிறது என்றே தெரியாத கடைக்கு?

ஆகவே டொமைனை முதலாளியின் பெயரில், முதலாளியின் கணக்கில் பதிவு செய்யுங்கள். ஒரேயடியாக ஐந்தாண்டுக்குக் கட்டுங்கள். பத்தாண்டு வரை அனுமதி உண்டு. அந்தக் கணக்குக்குத் தரும் தொடர்பு மெயில் மட்டும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மெயில் நிற்கும். மெயில் நின்றால் காலாவதி பற்றிய எச்சரிக்கையும் வராது. இதற்கு மட்டும் ஒரு தனி ஜிமெயில் போதும், அதன் பாஸ்வேர்டு வீட்டு லாக்கரில் இருக்கட்டும்.

தலைக்கு இவ்வளவு

பட்டா கையில் வந்தபின் மெயிலை வாடகைக்கு எடுப்பது சுலபம். ஸோஹோவில் ஐந்து பேர் வரை, தலைக்கு 5 ஜி.பி. என்று ஓர் இலவசத் திட்டம் இருக்கிறது. பிரவுசரிலும் அவர்களுடைய ஆப்பிலும் மட்டும் பார்க்க வேண்டும், அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ இழுத்து வைக்க முடியாது. கட்டணத் திட்டம் ஒருவருக்கு மாதம் நூறு ரூபாய்க்கும் கீழே தொடங்குகிறது. கூகுள் ஒர்க்ஸ்பேஸ் அதைவிடக் கூடுதல். ஆரம்பத் திட்டத்தில் 30 ஜி.பி. இடமும், ஊழியர்கள் ஏற்கெனவே பழகிய ஜிமெயில் திரையும் கிடைக்கும். கணக்குப் பிரிவு முழுக்க எக்ஸெலில் வாழ்கிறது என்றால் மைக்ரோசாஃப்ட் 365 பொருந்தும். மூன்றில் எது சிறந்தது என்று எட்டுப் பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒரு மாதம் ஆராய்வது நேர விரயம். தமிழ்நாட்டு நிறுவனம் என்பதற்காக மட்டும் ஒன்றை எடுக்கவும் வேண்டாம், உள்ளூர்க்காரர் என்பதால் இளப்பமாக ஒதுக்கவும் வேண்டாம். உள்ளே போகும்போதே வெளியே வரும் வழியைப் பாருங்கள்: உங்கள் மெயில் முழுவதையும் ஐமேப் வழியாக வேறு இடத்துக்கு இழுத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் போதும்.

இலவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2006 ஆகஸ்டில் கூகுள், சொந்த டொமைனுக்கு இலவசமாக மெயில் தரத் தொடங்கியது. எத்தனையோ சிறு கம்பெனிகள் சேர்ந்தன. 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு இலவசம் நின்றது. 2022 ஜனவரியில் பழையவர்களும் காசு கட்ட வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு வந்தபின் சொந்த உபயோகத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். வியாபாரிக்கு பில் வந்தே தீர்ந்தது. இலவசத்தில் தொடங்கலாம். ஆனால் கட்டணத் திட்டத்தின் விலையும் தனக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

செலவு ஏறுவது எங்கே என்றால், ஆளுக்கொரு மெயில்பெட்டி எடுப்பதில். குடோன் மேஸ்திரிக்கும் டிரைவருக்கும் மெயில்பெட்டி தேவையே இல்லை. சிதம்பரத்து லாட்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் ஷிஃப்டுக்கு இருவராக ஆறு பேர். மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் அறை கேட்டு மெயில் குவியும். ஆறு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டைச் சொல்லி வைப்பதுதான் வழக்கம். ஒருவர் வேலையை விட்டு எதிர் லாட்ஜுக்குப் போகும்போது பாஸ்வேர்டும் கூடவே போகிறது. இதற்கு எல்லாச் சேவைகளிலும் குரூப் முகவரி இருக்கிறது: ‘புக்கிங்’ என்ற பெயருக்கு வரும் மெயில், உரியவர்களின் சொந்தப் பெட்டிகளுக்குப் பிரிந்து போகும், ஆள் போனால் அவர் பெயரை மட்டும் எடுத்துவிடலாம். புக்கிங், பர்ச்சேஸ், அக்கவுன்ட்ஸ் என்று வெளியே தரும் முகவரிகள் பொறுப்பின் பெயரில் இருக்கட்டும். அரசுப் பதிவுகளுக்கென்று ஒரு முகவரி தனியாக, முதலாளிக்கும் இன்னும் ஒருவருக்கும் மட்டும் தெரிந்ததாக.

டேலியிலிருந்து நேரடியாக பில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு பழைய சிக்கலும் நினைவிருக்கலாம். 2022 மே 30 முதல், வெறும் பாஸ்வேர்டை வைத்து வேறு சாஃப்ட்வேர்கள் ஜிமெயிலுக்குள் நுழைவதை கூகுள் நிறுத்தியது. அன்றுவரை போய்க்கொண்டிருந்த பில்கள் திடீரென நின்றன. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, அந்த சாஃப்ட்வேருக்கென்று தனியாக ஆப் பாஸ்வேர்டு எடுத்தால் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் பலருக்கு நாட்கள் போயின.

எல்லோருக்கும் இது வேண்டுமா? வேண்டாம். அண்ணாமலை நகரில் தீசிஸ் டைப் அடித்து பைண்டிங் போட்டுத் தரும் கடைக்கு ஒரு ஜிமெயில் தாராளம். ஃபைல் வரும், பிரிண்ட் போகும், அதோடு சரி. அந்த ஜிமெயில் கடைக்காரர் கையிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பெயரில் இன்னொருவர்

மெயில் எழுதும்போது அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 1982இல் எழுதப்பட்ட அனுப்பும் விதிமுறை, எல்லோரையும் நம்பி எழுதப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்க மூன்று பதிவுகள் பிற்பாடு வந்தன. எஸ்.பி.எஃப்., இந்த டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு உரிமை என்று சொல்கிறது. டி.கே.ஐ.எம்., ஒவ்வொரு மெயிலிலும் ஒரு டிஜிட்டல் கையொப்பத்தைச் சேர்க்கிறது. இரண்டும் ஒத்துவராத மெயிலை என்ன செய்வது, விடுவதா, ஸ்பாமில் போடுவதா, நிராகரிப்பதா என்று டிமார்க் சொல்கிறது. 2024 பிப்ரவரி முதல், நாளுக்கு ஐயாயிரம் மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றையும் கூகுளும் யாஹூவும் கட்டாயமாக்கின; சின்ன அளவில் அனுப்புகிறவர்களிடமும் முதல் இரண்டில் ஒன்றாவது கேட்கின்றன. வாடகைச் சேவையில் இவற்றைப் போட டொமைன் பக்கத்தில் சில வரிகளை ஒட்டினால் போதும். பலர் அதைக்கூடச் செய்யாமல், ‘எங்கள் மெயில் மட்டும் ஏன் ஸ்பாமில் போகிறது’ என்கிறார்கள்.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு இதில் பணமே போகும். யாரோ ஒருவர் பாஸ்வேர்டைப் பிடித்துக் கம்பெனி மெயிலுக்குள் நுழைகிறார். எதையும் தொடுவதில்லை. வரும் மெயிலின் நகல் தனக்கு வரும்படி ஒரு விதியை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். இறால் கன்டெய்னர் கப்பலேறி, இன்வாய்ஸ் போகும் வாரத்தில், வெளிநாட்டு பார்ட்டிக்கு ஒரு மெயில் போகிறது: ‘ஆடிட் காரணமாக எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இந்த எண்ணுக்கு அனுப்பவும்.’ நடை, கையெழுத்து, லோகோ எல்லாம் சரியாக இருக்கும். 2023இல் மட்டும் இந்த வகை மோசடியில் 290 கோடி டாலர் போனதாக அமெரிக்க எஃப்.பி.ஐ.க்குப் புகார்கள் வந்தன. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு இதைப் பெருமளவு தடுக்கும்; மாதம் ஒருமுறை, மெயிலைத் தானாக வேறெங்கும் திருப்பும் விதி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதும் உதவும். வங்கிக் கணக்கு மாற்றம் எதுவானாலும் போனில் கேட்டு உறுதி செய்யும் பழக்கத்தை பார்ட்டிக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

பழைய மெயிலை எவ்வளவு காலம் வைப்பது என்றும் கேட்பார்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவு, கணக்கு ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. ஆர்டர் தகராறு நீதிமன்றத்துக்குப் போனால், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, மெயிலைச் சான்றாகக் காட்டச் சான்றிதழ் தேவை. பிரிண்ட் அவுட்டை மட்டும் ஃபைலில் குத்தி வைத்திருப்பவர்களின் வக்கீல் சிரமப்படுவார்.

சொந்தமாகவே நடத்துவேன் என்றால்

நடத்தலாம். இதற்கான சாஃப்ட்வேர்கள் உலகத்தரம், பெரும்பாலும் இலவசம். மெயிலை அனுப்பவும் ஏற்கவும் செய்யும் போஸ்ட்ஃபிக்ஸை 1998இல் வீட்சே வெனமா ஐ.பி.எம்.மில் இருந்தபோது வெளியிட்டார். வந்த மெயிலைப் பெட்டியில் வைத்துக் காட்டும் டவ்காட்டை ஃபின்லாந்தின் டிமோ சிரைனன் 2002இல் வெளியிட்டார். உலகத்தில் எண்ணற்ற மெயில் சர்வர்கள் இந்த இரண்டின் மீதுதான் நிற்கின்றன. இவற்றைச் சேர்த்துக் கட்டி, ஒரே மூச்சில் நிறுவித் தரும் தொகுப்புகளாக மெயில்கவ், ஐரெட்மெயில், மெயில்-இன்-எ-பாக்ஸ் இருக்கின்றன. ஆபீஸில் வைக்காமல், நல்ல டேட்டா சென்டரில் ஒரு வி.பி.எஸ். (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து அதில் போட வேண்டும். மெயில்கவ்வுக்கு 6 ஜி.பி. மெமரியாவது வேண்டும், ஆகவே மலிவான வி.பி.எஸ். ஆகாது.

ஜிம்ப்ராவை இன்றும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். 2007இல் யாஹூ வாங்கியது, 2010இல் விஎம்வேர் வாங்கியது, பிறகு டெலிஜென்ட், பிறகு சைனகார். இலவசப் பதிப்பான 8.8.15க்கு 2023 முடிவோடு ஆதரவும் முடிந்தது. நிறுவும்போது இருந்த நிலைமை ஐந்து வருடம் கழித்தும் இருக்கும் என்று எண்ணி ஒரு சாஃப்ட்வேரில் கம்பெனியின் மெயிலைக் கட்டக் கூடாது.

நிறுவுவது ஒரு நாள் வேலை. அதன்பிறகு வாரா வாரம் அப்டேட் போட வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். டிஸ்க் நிரம்புகிறதா, முகவரி ஏதாவது தடைப் பட்டியலில் ஏறியதா, பேக்கப்பிலிருந்து உண்மையிலேயே திரும்ப எடுக்க வருகிறதா? ஊழியர் ஒருவர் ‘123456’ என்று வைத்த பாஸ்வேர்டு மூலம் நள்ளிரவில் இருபதாயிரம் ஸ்பாம் போனால் எழுந்து நிறுத்துவது யார்? சட்டமும் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் போன்ற சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த அவகாசம் அந்த ஆண்டு செப்டம்பர் 25 உடன் முடிந்துவிட்டது.

இதையெல்லாம் செய்யத் தெரிந்த பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் பொறியாளர்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் உங்களிடம் இருப்பார்களா என்பதுதான் விஷயம். என் அளவுகோல் எளிது. இந்த வேலை தெரிந்தவர்கள் சம்பளப் பட்டியலில் இருவராவது இருந்தால் சொந்த சர்வர் வைக்கலாம். ஒருவர்தான் என்றால், அவர் தங்கை கல்யாணத்துக்கு லீவு போடும் வாரத்தில்தான் டிஸ்க் நிரம்பும்.

மாற்றும் நாள்

மாற்றத்துக்கு நாள் பார்ப்பவர்கள் பஞ்சாங்கத்தோடு ஜி.எஸ்.டி. காலண்டரையும் பார்க்க வேண்டும். மாதத்தின் 20ஆம் தேதி தாண்டி ஒரு வெள்ளி மாலை நல்லது. வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நவம்பர், டிசம்பர் வேண்டாம். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே, டொமைன் பக்கத்தில் எம்.எக்ஸ். பதிவின் ஆயுளைக் குறைத்து வைத்தால், மாற்றம் சீக்கிரம் பரவும். புதிய பெட்டிகளைத் திறந்து, பழைய மெயிலை இழுக்க விட்டு, அதன்பிறகு எம்.எக்ஸ். வரியை மாற்றுங்கள். அன்றிரவு சில மெயில்கள் பழைய இடத்துக்கும் சில புதிய இடத்துக்கும் போகும், பதற வேண்டாம். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதமாவது வைத்திருங்கள்.

அதுவரை ஓட்டிய ஜிமெயிலையும் மூட வேண்டாம். பழைய பார்ட்டிகள், மறந்துபோன ஏதாவது ஒரு அரசுத் தளம், பாதியில் நிற்கும் ஒரு டெண்டர் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வரும். வருவதைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டு, அவ்வப்போது ஒருமுறை உள்ளேயும் போய்ப் பாருங்கள். இரண்டு ஆண்டு யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழித்துவருகிறது.